கண்ணாடிக்கு வெளியே விழுந்த கோடுகள்

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில வருஷங்களில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் லலிதா. இப்போது வெளிநாட்டில் ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். போன மாதம் என் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பினாள். இரண்டு துகள்கள் மோதி, எண்ண முடியாத கோடுகளாகச் சிதறிப் போகிற படம். மஞ்சள், பச்சை, சிவப்பு என்று தீபாவளிக்குப் போட்ட துணிக்கடை மாதிரி இருந்தது. "விரலால தொட்டுத் திருப்புங்க மேடம், சுத்தும்" என்றாள். திருப்பினேன். வலப்பக்கமும் சுற்றியது, இடப்பக்கமும் சுற்றியது. அது எந்தப் பக்கம் சுற்றினாலும் லலிதாவுக்குக் கவலை இல்லை. எனக்குத்தான் பழைய ஞாபகம் ஒன்று வந்தது.

"உங்க காலத்துல இதையெல்லாம் எப்படி மேடம் பார்த்தீங்க?" என்று கேட்டாள்.

'உங்க காலம்' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன், இதுவும் என் காலம்தான். ஆனால் அன்றைக்குக் கோபித்துக்கொள்ளவில்லை. எங்களோடு வேலை பார்த்த கஸ்தூரியின் கதையைச் சொன்னேன். லலிதா சிரித்தாள். "எழுதிடுங்க மேடம்" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சித்தூர். மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம். என் அப்பா, நைனா, மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். அவர் போட்ட அடியில் கணக்கு எனக்கு நன்றாக வந்தது. பட்டம் வாங்கிய கையோடு, திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறையில் கம்ப்யூட்டர் தெரிந்த பெண் வேண்டும் என்றார்கள். கம்ப்யூட்டரை நான் பார்த்ததுகூடக் கிடையாது. மெட்ராஸுக்கு அனுப்பி ஒரு குறுகிய காலப் பயிற்சி கொடுத்தார்கள். திரும்பி வந்தபோது புரோகிராம் எழுதத் தெரியும் என்று நானே நம்பியிருந்தேன். அவ்வளவுதான் என் படிப்பு.

நாங்கள் செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் ஒரு பெரிய தொட்டியில் திரவ ஹைட்ரஜனை நிரப்பி, அதற்குள் துகள்களைப் பாய்ச்சுவார்கள். துகள் போன வழியெல்லாம் பொடிப்பொடியாகக் குமிழ்கள் எழும். தொட்டியின் முன்பக்கக் கண்ணாடி வழியாக மூன்று கேமராக்கள் ஒரே நொடியில் மூன்று கோணத்தில் படம் பிடிக்கும். அந்தப் பிலிம் சுருள்கள் கப்பலேறி எங்களிடம் வரும். ஒரு மோதலுக்கு 'ஈவென்ட்' என்று பெயர். மூன்று படத்திலும் அதை அளந்து கொடுத்தால், அந்தத் துகள் தொட்டிக்குள் எங்கே பிறந்தது, எங்கே திரும்பியது, எங்கே நின்றது என்று நீள அகல ஆழத்தோடு புரோகிராம் கட்டிக் கொடுக்கும். தட்டையான மூன்று படங்களிலிருந்து ஒரு முழு உருவத்தை எழுப்பி நிறுத்துகிற வேலை.

ஆரம்ப வருஷங்களில் எங்களிடம் சொந்தமாகக் கம்ப்யூட்டர் இல்லை. அளவுகளை அட்டைகளில் துளை போட்டு, அட்டைப் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு நான் மெட்ராஸ் பஸ் ஏற வேண்டும். ஒருமுறை வடமாலபேட்டையில் பஸ் நின்றுவிட்டது. சொல்லி வைத்தாற்போல மழையும் பிடித்துக்கொண்டது. டீக்கடைக்காரர் தன் பாய்லருக்குப் பின்னால் இடம் ஒதுக்கி, "இட்லி மாவு மாதிரி ஜாக்கிரதையா வச்சிக்கினு கீறியே, அப்படி இன்னாம்மா அதுல?" என்று கேட்டார். "அட்டைங்க" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அப்படியும் ஒரு பெட்டி ஈரம் குடித்து உப்பிவிட்டது. மெட்ராஸில் மெஷின் அதை மென்று துப்பியது.

முதல்முதலில் நான் ஈவென்டைப் படமாக வரைந்து பார்த்தது அங்கே இருந்த பிரிண்டரில். அந்த பிரிண்டருக்குக் கோடு போடத் தெரியாது, எழுத்துதான் அடிக்கும். அதனால் துகள் போன வழியெல்லாம் நட்சத்திரக் குறிகளாக அடிக்கும்படி எழுதினேன். அகலமான காகிதத்தில் நட்சத்திரங்கள் வளைந்து வளைந்து போயின. பெருமை தாங்காமல் ஒரு தாளைச் சித்தூருக்கு எடுத்துக்கொண்டு போனேன். நைனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது இன்னாத்துக்கு ஆகும்மா?"

"எதுக்கும் ஆகாது நைனா. இப்படி ஒண்ணு நடந்துச்சுன்னு தெரியும், அவ்ளோதான்."

"அது போதுமே" என்று மடித்துத் தன் பைபிளுக்குள் வைத்துக்கொண்டார். அவர் போன பிறகும் அது அங்கேதான் இருந்தது.

எங்கள் புரொபசரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. தெலுங்குக்காரர். எங்களோடு பேசுகிற தமிழில் பாதிக்கு மேல் தெலுங்கு இருக்கும். ஒல்லியான மனிதர், வெயிலோ மழையோ கையில் குடை இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. எங்களுக்கென்று சொந்தமாக ஒரு சின்னக் கம்ப்யூட்டரும் பச்சை வெளிச்சத்தில் கோடு வரைகிற திரையும் வந்து சேர்ந்த அன்றிலிருந்து, அந்த அறைக்குள் வரும்போது செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வருவார். தூசிக்காக என்று அவர் சொன்னார். எனக்கு நம்பிக்கை இல்லை. என் நாற்காலிக்குப் பின்னால் குடையை ஊன்றி, அதன் பிடியின் மேல் மோவாயை வைத்துக்கொண்டு நின்றபடியே திரையைப் பார்ப்பார். பின்னால் ஒருவர் நின்றால் எனக்கு வேலை ஓடாது. பலமுறை முணுமுணுத்திருக்கிறேன். அவர் காதில் விழாத மாதிரி நிற்பார்.

தப்பு என்ற வார்த்தையை அவர் வாயில் நான் கேட்டதில்லை. "மறுபடி ஒருக்கா பார்க்கலாமாம்மா?" என்பார். அப்படிச் சொன்னால் தப்பு என்று அர்த்தம். "கானிவ்வு" என்றால் சரி, நடக்கட்டும் என்று அர்த்தம். புரோகிராம் ஏற்றுக்கொள்ளாத ஈவென்டுகளை நாங்கள் ரிஜெக்ட் என்று தள்ளிவிடுவோம். மற்ற ஆய்வுக்கூடங்களில் அப்படித்தான் வழக்கம். இவர் விடமாட்டார். ரிஜெக்ட் ஆனது ஒவ்வொன்றையும் திரையில் வரைந்து காட்டச் சொல்வார். "வேண்டாம்னு சொல்றதுக்கு முன்னாடி முகத்தைப் பார்க்கணும்மா." எனக்கு எரிச்சலாக வரும். நான் கஷ்டப்பட்டு எழுதிய புரோகிராம் ஒன்றை வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம்தான், அதற்கு முகம் என்ன, மூக்கு என்ன என்று நினைப்பேன்.

அளக்கிற வேலை செய்தவர்கள் எல்லோரும் பெண்கள். பக்கத்தில் ஜன்னல்களை மூடி இருட்டாக்கிய ஓர் அறை. மேஜைகளின் மேல் பிலிம் பெரிதாகி விழும். ஒவ்வொரு ஈவென்டுக்கும் முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தொட்டியின் கண்ணாடியில் சதுரமாக நான்கு மூலையிலும் கூட்டல் குறிகள் பொறித்திருக்கும். படத்தில் அந்த நான்கையும் வரிசையாகத் தொட்டு, காலடியில் இருக்கும் மிதியை அழுத்த வேண்டும். அதை வைத்துத்தான் படம் எந்தப் பக்கம், எவ்வளவு சாய்வு என்று புரோகிராம் கண்டுபிடிக்கும். கீழ் இடது மூலை, கீழ் வலது, மேல் வலது, மேல் இடது. வெளிநாட்டிலிருந்து வந்த வரைபடத்தில் அப்படித்தான் எண் போட்டிருந்தது. அதைப் பெரிதாக எழுதி ஒவ்வொரு மேஜைக்கு மேலும் ஒட்டியிருந்தோம். அதன் பிறகுதான் கோடுகளை அளப்பது. மூன்று படம், ஒவ்வொன்றுக்கும் நான்கு மூலை. நாள் முழுக்க இதே வேலை.

கஸ்தூரி நகரியிலிருந்து வந்தவள். தறிக்காரக் குடும்பம். புருஷன் ஊரில் பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்தான், சனிக்கிழமை ரயிலில் வந்துவிட்டுத் திங்கட்கிழமை விடிகாலையில் போய்விடுவான். இவள் திருப்பதியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு இருந்தாள். கை அசையாது. இழை அறுந்தால் இருட்டில்கூட எடுத்து முடிகிற வீட்டில் பிறந்தவள் என்பதாலோ என்னவோ, மற்றவர்கள் தடுமாறுகிற மெல்லிய கோட்டைக்கூட ஒரே ஓட்டத்தில் அளந்துவிடுவாள். எங்களிடம் இருந்ததிலேயே நல்ல கை அவளுடையது. ஆனால் தற்காலிக வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பு உத்தரவு வர வேண்டும். அதற்கு ரிஜெக்ட் கணக்கு போக வேண்டும், அதை எழுதிக் கொடுப்பவள் நான்.

ஒருமுறை அப்படிக் கணக்கு எடுத்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடைசிச் சில வாரங்களாக கஸ்தூரி அளந்தது ஏறக்குறைய எல்லாமே ரிஜெக்ட். புது ஆளாக இருந்தால் புரியும். இவ்வளவு வருஷம் வேலை பார்த்தவளுக்கு என்ன வந்தது? ஆபீஸில் அதைப் பார்த்துவிட்டு, வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம் என்று பேச்சை ஆரம்பித்துவிட்டார்கள். அவளுக்கு முன்பு இரண்டு முறை கரு தங்கவில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். வேலையும் போனால் அவள் உடைந்துவிடுவாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபமும் இருந்தது. என்ன கவனம் இது, இப்படியா அளப்பது என்று.

புரொபசரிடம் கணக்கைக் கொண்டுபோனேன். பார்த்துவிட்டு, எதிர்பார்த்தபடியே, "முகம் பார்க்கலாமா?" என்றார்.

திரையில் ஒவ்வொன்றாக வரைந்தேன். என் புரோகிராம் முதலில் தொட்டியைப் பெட்டியாக வரையும், அதற்குள் கோடுகளைப் போடும். சரியாக அளக்காத ஈவென்ட் எப்படி இருக்கும் என்று எனக்கு மனப்பாடம். சிக்கெடுக்காத தலைமுடி மாதிரி, ஒரு கோடு இங்கே, ஒரு கோடு அங்கே. கஸ்தூரியுடையது அப்படி இல்லை. கோடுகள் ஒன்றோடு ஒன்று அழகாகப் பொருந்தி, பிறந்த இடத்தில் சேர்ந்து, வளைந்து போயின. ஆனால் மொத்தமும் பெட்டிக்கு வெளியே, முன்பக்கக் கண்ணாடிக்கு இந்தப்பக்கம், காற்றில் தொங்கிக்கொண்டிருந்தன. துகள் தொட்டியை விட்டு வெளியே வந்து எங்கள் அறையில் உலாத்திக்கொண்டிருந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"லோபலயா, வெளியிலயா?" என்றார் புரொபசர். உள்ளேயா என்பதை அவர் எப்போதும் தெலுங்கில்தான் கேட்பார்.

"எல்லாமே வெளியில சார்."

"கை தவறல. அத்தனையும் சுத்தமா இருக்கு. போய்ப் பாரும்மா, ஆனா ஒண்ணும் கேட்காதே."

கேட்காதே என்றால் எப்படி? இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு இருட்டறைக்குள் போய், ஏதோ எடுக்க வந்தவள் மாதிரி அவள் பின்னால் நின்றேன். புதுச் சுருள் மாட்டினாள். கீழ் இடது மூலையைத் தொட்டாள். அடுத்து கீழ் வலதுக்குப் போக வேண்டிய கை மேலே ஏறியது. மேல் இடது, மேல் வலது, கீழ் வலது. வரைபடத்துக்கு நேர் எதிராகச் சுற்றினாள். நான்கையும் தொட்டுவிட்டாள், மிதியை அழுத்திவிட்டாள், அளவும் துல்லியம். புரோகிராமுக்கு எப்படித் தெரியும்? பிலிமைத் திருப்பி மாட்டிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, அதுவாகவே படத்தைப் புரட்டிச் சரிசெய்திருக்கிறது. ரவிக்கையை உள்புறம் வெளியாகப் போட்டதுபோல ஈவென்ட் மொத்தமும் திரும்பி, கண்ணாடிக்கு வெளியே வந்து விழுந்திருக்கிறது.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது, சாதாரணமாகக் கேட்பதுபோல, "இன்னா கஸ்தூரி, மூலையைத் தொடும்போது மேல போயிட்டு வரே?" என்றேன்.

அவள் கை நின்றுவிட்டது. யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, "யாராண்டையும் சொல்லாதீங்கக்கா" என்றாள். "மூணாவது தபா நின்னுருக்குது. மாமியாருக்கும் அவருக்கும்தான் தெரியும். தெனம் காலைல பிள்ளையார் கோயில் அரசமரத்தைச் சுத்திட்டுத்தான் வேலைக்கு வரேன். பொறக்கற வரைக்கும் சுத்தறேன்னு வேண்டிக்கினு கீறேன். இங்க வந்து உக்காந்தா, படத்துல போட்டாப்ல பகல் பூரா கை இடம் சுத்தாவே போவுது. ராட்டைல சுத்தின நூலு, திருப்பிச் சுத்தினா அவுந்துடுமில்லக்கா? காலைல நான் சுத்தறதையெல்லாம் பகல்ல என் கையாலயே அவுத்துக்கினு கீறேனோன்னு பயம் வந்துடுச்சு. அதான் வலமாப் போறேன்."

எங்கள் சபையில் எதையும் சுற்றுகிற வழக்கம் கிடையாது. நேராக உள்ளே போவோம், நேராக வெளியே வருவோம். நான்கு புள்ளியைத் தொடுகிறதில் ஒரு பெண் இதையெல்லாம் பார்ப்பாள் என்று எனக்குக் கனவில்கூடத் தோன்றியிருக்காது. ஆனால் ராட்டை நூலை அவள் சொன்னதும், அந்த நூல் அவிழ்வது என் கண்ணுக்குத் தெரிந்தது.

"நாலு மூலையும் தொட்டாப் போதும்தானேக்கா? தப்பு ஒண்ணும் இல்லையே?"

திட்டுவதற்கென்று வந்தவள் நான். அவள் முகத்தைப் பார்த்தேன். இரண்டு முறை இழந்தவளின் முகம். "போதும், போதும். தப்பு ஒண்ணும் இல்ல. நீ துன்னு முதல்ல" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, புரொபசரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவர் சாமி கும்பிட்டு நான் பார்த்ததில்லை. ஆய்வுக்கூடத்தில் வேண்டுதலா என்று கேட்டுவிட்டால்? தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னேன். கஸ்தூரி யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அவர் குடைப்பிடியிலிருந்து மோவாயை எடுக்கவில்லை.

"அந்த அம்மாயி, அந்தப் பொண்ணு, வரிசையை மாத்தணும்னா எவ்வளவு கஷ்டம்?"

"மாத்தச் சொன்னா மாத்திடுவா சார். ஆனா..."

"அது இல்லம்மா. உன் புரோகிராம்ல மாத்தணும்னா எவ்வளவு கஷ்டம்?"

நான் யோசித்தேன். ஒவ்வோர் அளவோடும் அளந்தவரின் எண் வரும். கஸ்தூரியின் எண் வந்தால் இரண்டாவது மூலையையும் நான்காவது மூலையையும் இடம் மாற்றிக்கொள் என்று எழுதினால் தீர்ந்தது.

"ஒரு வரி சார்."

"ஒரு வரிதானா? கானிவ்வு." நடக்க ஆரம்பித்தவர் திரும்பி நின்றார். "துகளுக்கு இடம் வலம் தெரியாதும்மா. பயம் அந்தப் பொண்ணுக்குத்தானே. அவகிட்ட நாம ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

அந்த வரியை எழுதினேன். தள்ளி வைத்திருந்த ஈவென்டுகளை மறுபடி ஓட்டினேன். ஒவ்வொன்றாகக் கண்ணாடிக்குள் போய் உட்கார்ந்தன. கஸ்தூரியின் ரிஜெக்ட் கணக்கு மறுபடியும் எல்லோரையும்விடக் குறைவாக ஆனது. நீட்டிப்பு உத்தரவும் வந்தது. தன் வேலை போகவிருந்தது என்றே அவளுக்குத் தெரியாது. அந்த உத்தரவைக் காட்டி, பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை செய்து கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். நான் இரண்டு எடுத்துக்கொண்டேன், அதற்கு எனக்கு உரிமை உண்டு என்று நினைத்தேன்.

மாதங்கள் போயின. வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்தது. அவள் சத்தமில்லாமல் நடப்பாள், சத்தமில்லாமல் உட்காருவாள், எங்கே யாராவது கண்வைத்துவிடுவார்களோ என்று சிரிப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டாள். இதற்குள் மேஜைகளைக் கம்பி வழியாகக் கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டோம். அவர்கள் அங்கே ஓர் ஈவென்டை அளந்து முடித்தால், கொஞ்ச நேரத்தில் இங்கே என் திரையில் அது எழுந்து நிற்கும். எனக்கு அதில் ஒரே குஷி. கோட்டைப் பார்த்தே யார் அளந்தது என்று சொல்லிவிடுவேன்.

ஒருநாள் முற்பகல். கஸ்தூரியின் ஈவென்ட் ஒன்று திரையில் வந்தது. கண்ணாடிக்கு வெளியே.

என் புரோகிராமில்தான் கோளாறு என்று நினைத்தேன். அன்று காலையில்தான் அதில் வேறு எதையோ திருத்தியிருந்தேன். நான் போட்ட வரி இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. மற்றவர்களின் ஈவென்டுகள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. அடுத்து கஸ்தூரியுடையது மறுபடி வந்தது. வெளியேதான். இந்த முறை கோடுகளும் சரியில்லை, ஒன்று எங்கோ இழுத்துக்கொண்டு போயிருந்தது. கஸ்தூரியின் கோடு அப்படிப் போய் நான் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் உறைத்தது. வலமாகப் போவது அவள் யோசித்து யோசித்துச் செய்வது. வருஷக்கணக்காகப் பழகிய கை இடமாகத்தான் போகும், அப்படிப் போனால் என் வரி அதைத் திருப்பிப்போட்டு வெளியே தள்ளிவிடும். அவள் இப்போது யோசிக்கவில்லை. வேண்டுதலையே மறக்கிற அளவுக்கு அவளுக்கு என்னவோ நடந்துகொண்டிருக்கிறது.

நாற்காலி பின்னால் விழுந்தது, நான் நிமிர்த்தவில்லை. இருட்டறைக்குள் ஓடினேன். மற்றவர்கள் அவரவர் மேஜையில் குனிந்திருந்தார்கள். கஸ்தூரி மூலையில் தன் மேஜையில் உட்கார்ந்து அளந்துகொண்டிருந்தாள். கிட்டே போய்த் தொட்டேன். உடம்பெல்லாம் வேர்வை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி?"

"வலிக்குதுக்கா. காலைலருந்து வலிக்குது. இன்னும் நாளே ஆவலை." கையை மேஜையிலிருந்து எடுக்காமலே சொன்னாள். "எழுந்தா நெஜமாயிடுமோன்னு பயமா இருந்துச்சு. அதான் அளந்துக்கினே இருந்தேன்."

நான் ஜன்னலைத் திறந்தேன். அந்த அறையில் பகலில் வெளிச்சம் வந்தது அன்றைக்குத்தான். புடவையில் கறை தெரிந்தது.

என் பின்னாலேயே ஓடி வந்த புரொபசர் தன் பழைய காரைத் தானே ஓட்டினார். சைக்கிள்கள் எல்லாம் முந்திப் போகும் அளவுக்கு மெதுவாக ஓட்டுகிறவர் என்று அவரைப் பற்றி நாங்கள் கேலி பேசுவோம். அன்றைக்கு வழியில் இருந்த மாடுகள் எல்லாம் ஒதுங்கின. பின்சீட்டில் கஸ்தூரியின் தலை என் மடியில் இருந்தது. அட்டைப் பெட்டிகளை வைத்துக்கொண்டு போன அதே மடி. என்னவெல்லாம் ஜெபித்தேன் என்று எனக்கு நினைவில்லை. அவள் பிள்ளையாரைக் கூப்பிட்டாள், நான் இயேசுவைக் கூப்பிட்டேன், முன்சீட்டில் எதையும் கும்பிடாதவர் "பர்வாலேதம்மா, பர்வாலேதம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளை உள்ளே கொண்டுபோனார். வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போதுதான் பார்த்தேன், புரொபசர் காலில் செருப்பில்லை. கம்ப்யூட்டர் அறை வாசலில் கழற்றிப் போட்டதை மாட்ட மறந்து அப்படியே வந்திருக்கிறார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வெகுநேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார். வலியை நிறுத்தியாகிவிட்டது, குழந்தை நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார். பிரசவம் வரைக்கும் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது.

"அரசமரம்?" என்று உள்ளேயிருந்து கஸ்தூரியின் குரல் கேட்டது.

"உன் வூட்டுக்காரரைச் சுத்தச் சொல்றேன்" என்றேன். சுற்றினான். நகரியிலிருந்து வந்து, தறியை அண்ணன் கையில் விட்டுவிட்டு, தினமும் சுற்றினான். பெண்கள் செய்கிற வேண்டுதலை ஓர் ஆம்பிளை செய்கிறானே என்று ஊரே பார்த்தது. அவன் யாரையும் பார்க்கவில்லை.

புரொபசர் அவள் இடத்தில் வேறு ஆள் போடவில்லை. மற்ற பெண்கள் அவளுடைய சுருள்களைப் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். பெண் குழந்தை பிறந்தது. சின்னதாக, சிவப்பாக, என்னை விடவும் சத்தமாகக் கத்தியது.

அன்றைக்கு எப்படிச் சரியாக அந்த நேரத்துக்கு உள்ளே வந்தீர்கள் என்று கஸ்தூரி பல தடவை கேட்டிருக்கிறாள். சும்மா வந்தேன் என்று ஒருமுறை, ஸ்கேல் எடுக்க வந்தேன் என்று ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று சொல்லியிருக்கிறேன். பிள்ளையார்தான் அனுப்பினார் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். நானும் விட்டுவிட்டேன். இதைப் படித்தால் என்னைத் திட்டுவாள். திட்டட்டும்.

குழந்தைக்கு உட்காரத் தெரிந்த பிறகு கஸ்தூரி வேலைக்குத் திரும்பினாள். அவளுடைய மாமியார் திருப்பதிக்கே வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். முதல் நாள் எல்லோருக்கும் லட்டு கொடுத்துவிட்டு இருட்டறைக்குள் போனாள். நான் என் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். பின்னால் குடை ஊன்றுகிற சத்தம் கேட்டது. அன்றைக்கு நான் முணுமுணுக்கவில்லை.

கொஞ்ச நேரம் திரை சும்மா இருந்தது. பிறகு பச்சைக் கோட்டில் பெட்டி வந்தது. அதற்குப் பிறகு ஈவென்ட் வந்தது. ஒரு பிசிறு இல்லாமல், கோடுகள் எல்லாம் அழகாகப் பொருந்தி, மொத்தமும் கண்ணாடிக்கு வெளியே.

நான் நினைப்பதற்கு முன்பே என் உடம்பு எழுந்துவிட்டது. ஒரு கை என் தோளைத் தொட்டது. அத்தனை வருஷத்தில் புரொபசர் என்னைத் தொட்டது அந்த ஒரு தடவைதான்.

"கூர்ச்சோம்மா, உக்காரு. நல்லாப் பாரு. கோடு எவ்வளவு நிம்மதியா இருக்கு. அந்தப் பொண்ணோட வேண்டுதல் முடிஞ்சு போச்சு."

பார்த்தேன். ஆமாம், அவள் இப்போது வரைபடத்தில் இருக்கிறபடியே சுற்றுகிறாள். அவிழ்ந்துவிடும் என்று பயப்பட அவளுக்கு இனிமேல் ஒன்றும் இல்லை. சுற்றி முடிச்சுப் போட்ட நூல் வீட்டில் மாமியார் மடியில் கத்திக்கொண்டிருக்கிறது. திரையில் இருந்த பச்சைக் கோடுகள் எனக்கு மங்கலாகத் தெரிந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டேன், வெட்கப்படவில்லை.

புரோகிராமைத் திறந்து, அந்த ஒரு வரியைத் தேடி எடுத்து அழித்தேன்.

"மறுபடி ஒருக்கா பார்க்கலாமா சார்?" என்றேன்.

"கானிவ்வு" என்றார்.

கஸ்தூரியின் ஈவென்டை மறுபடி ஓட்டினேன். அது கண்ணாடிக்குள் போய் உட்கார்ந்தது.